கொழுகொழு குழந்தை ஆரோக்கியமான குழந்தையா?

"பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறான், மாஷா அல்லாஹ்!" என்று யாரேனும் சொன்னால் பெற்ற தாயின் மனம் குளிர்ந்து போகிறது. "ஏன் இப்படி இளைத்துக் கிடக்கிறான், சோறு கொடுப்பதில்லையா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அன்றிரவு அந்தத் தாய்க்கு உறக்கம் வருவதில்லை. குழந்தையின் சதைப்பிடிப்பைத் தாயின் அன்புக்கு அளவுகோலாகக் கொள்வது நம் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்து வரும் வழக்கம்.

இந்த வழக்கத்திற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பஞ்சமும் அம்மையும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போன நாட்களில், உடம்பில் சற்றுச் சதை இருந்த பிள்ளை நோயைத் தாங்கிப் பிழைத்தது. இன்று காலம் மாறிவிட்டது. நம்முடைய அளவுகோல் மட்டும் மாறவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். 1990ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் 100க்கு 8 பேர் அளவுக்கு மீறிய எடையுடன் இருந்தனர். 2022இல் அது 100க்கு 20 பேராக உயர்ந்து, 39 கோடியைத் தாண்டிவிட்டது. அவர்களில் 16 கோடிப் பிள்ளைகள் உடற்பருமன் என்னும் நோய்நிலையையே அடைந்துவிட்டவர்கள். இது செல்வ நாடுகளின் கதை என்று எண்ணி நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் நாட்டுப் பிள்ளைகளின் உடலமைப்பு இந்த ஆபத்தை இன்னும் அருகில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

மெலிந்து பிறந்து, பருத்து வளர்ந்து...

புனே நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அவர்களும் அவருடைய குழுவினரும் 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புனே பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. நம் குழந்தைகள் பார்வைக்கு மெலிந்திருந்தனர். ஆனால் அவர்களிடம் குறைந்திருந்தது பெரும்பாலும் தசைதான்; தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை.

இதன் பொருள் என்ன? நம் பிள்ளைகள் பிறவியிலேயே குறைந்த தசையும், ஒப்பளவில் மிகுந்த கொழுப்பும் கொண்டவர்கள். அத்தகைய உடலில் பிற்காலத்தில் கொழுப்பு மேலும் சேரும்போது, நீரிழிவும் இரத்த அழுத்தமும் இளம் வயதிலேயே தலைகாட்டுகின்றன. மெலிந்து பிறந்த குழந்தையை எப்படியாவது பெருக்க வைத்துவிட வேண்டும் என்று நாம் எடுக்கும் முயற்சியே அதற்குத் தீங்காக முடியக்கூடும். நாற்பது வயதைக் கடந்தவர்களின் நோய் என்று எண்ணப்பட்டு வந்த இரண்டாம் வகை நீரிழிவு, இன்று பள்ளி செல்லும் பிள்ளைகளிடமும் காணப்படுகிறது.

கழுத்தில் தெரியும் எச்சரிக்கை

பருமனான பிள்ளையின் கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கருத்துத் தடித்து, வெல்வெட் துணி போல ஆகியிருப்பதைச் சில தாய்மார்கள் கவனித்திருக்கக்கூடும். "அழுக்கு சேர்ந்திருக்கிறது, ஒழுங்காகக் குளிப்பதில்லை" என்று பிள்ளையைக் கடிந்துகொண்டு, கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துப் பார்ப்பார்கள். தோல் சிவந்து எரியுமே தவிர, கருமை போகாது.

சகோதரிகளே! பெரும்பாலும் அது அழுக்கு அன்று. உடலில் சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரிவரக் கட்டுப்படாதபோது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகுதியே தோலை இவ்வாறு கருக்கச் செய்கிறது. நீரிழிவு பல ஆண்டுகளுக்கு முன்பே அனுப்பிவைக்கும் எச்சரிக்கைக் கடிதம் அது. இந்த அடையாளத்தைக் கண்டால் சோப்பைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள். உரிய காலத்தில் எடையைச் சீர்செய்தால் அந்தக் கருமையும் நாளடைவில் மங்கிவிடும்.

எப்படி அறிந்துகொள்வது?

கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் அளந்து, அந்த உயரத்தை அதனாலேயே பெருக்கி, வரும் எண்ணால் எடையை வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 10 வயதுப் பையன் ஒருவன் 1.40 மீட்டர் உயரமும் 47 கிலோ எடையும் உள்ளவன் என்று வைத்துக்கொள்வோம். 47ஐ 1.96ஆல் வகுத்தால் ஏறக்குறைய 24 வரும். வளர்ந்தவருக்கு இந்த 24 பெரிதாக அஞ்சத்தக்கது அன்று. 10 வயதுப் பையனுக்கோ அது உடற்பருமன் எல்லைக்குள் அடங்கிய எண்ணாகும். குழந்தைகளுக்கு வயதுக்கேற்ப எல்லை மாறுவதால்தான் மருத்துவர்கள் வளர்ச்சி அட்டவணையைப் பயன்படுத்துகிறார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 5 முதல் 18 வயது வரையிலான நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே 2015இல் ஓர் அட்டவணையை வெளியிட்டுள்ளது.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய எளிய வழி ஒன்றும் உண்டு. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் உயரத்திற்கு ஒரு நூலை அளந்து எடுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த நூல் பிள்ளையின் இடுப்பைச் சுற்றி எட்டவில்லையென்றால், மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

"இவனுக்குத் தைராய்டு இருக்கிறது போலும்" என்று பலர் தாமாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். சுரப்பிக் கோளாற்றால் வரும் பருமன் மிகச் சிலரிடமே உண்டு. அத்தகைய பிள்ளைகள் பெரும்பாலும் வயதுக்கேற்ற உயரமும் இல்லாமல் இருப்பார்கள். உயரமாகவும் பருமனாகவும் வளரும் பிள்ளையின் சிக்கல் பெரும்பாலும் அடுக்களையிலும் அன்றாடப் பழக்கத்திலும்தான் இருக்கிறது.

பட்டினி போடாதீர்கள்!

இதைப் படித்ததும் பிள்ளையின் சோற்றைக் குறைத்துவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். வளரும் பிள்ளைக்குப் பட்டினி மருந்தாகாது. ஒன்பது வயதுப் பிள்ளை ஆண்டுக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டர் உயர்கிறது. எடை கூடாமல் நிலைத்து நின்றாலே போதும். உயரம் கூடக் கூட உடல் தானாகச் சீரடையும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் விரும்புவது இதையே. எடையைக் குறைத்தே ஆகவேண்டிய நிலையிருந்தால் அது மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

அமெரிக்க உணவியல் அறிஞர் எலின் சாட்டர் அவர்கள் பெற்றோர்க்கு ஒரு நல்ல பங்கீட்டைச் சொல்லித் தந்துள்ளார். எதை உண்பது, எப்போது உண்பது, எங்கே உண்பது என்ற மூன்றையும் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டும். நாம் செய்வதோ இதற்கு நேர்மாறு. எதை உண்பது என்பதைப் பிள்ளை அழுது தீர்மானிக்கிறது. எவ்வளவு உண்பது என்பதை நாம் அதட்டித் தீர்மானிக்கிறோம். "தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது" என்று வற்புறுத்தி ஊட்டப்பட்ட பிள்ளைக்கு, "வயிறு நிறைந்துவிட்டது" என்று உள்ளிருந்து வரும் குரலைக் கேட்கும் திறன் மழுங்கிப்போகிறது. உணவை வீணாக்கக்கூடாது என்பது உண்மைதான். அதற்கு வழி, முதலில் குறைவாகப் பரிமாறுவது. வேண்டுமென்றால் பிள்ளை மறுபடியும் கேட்கட்டும்.

கடற்கரை ஊர்களில் சஹனில் வைத்துப் பலர் சேர்ந்து உண்ணும் வழக்கம் அன்பை வளர்க்கும் அருமையான வழக்கம். ஆனால் அதில் பிள்ளை எவ்வளவு உண்டது என்பது யாருக்கும் தெரிவதில்லை. போதாதற்கு, இறைச்சித் துண்டுகளைச் சுற்றியுள்ளவர்கள் எல்லாம் பிள்ளையின் பக்கமே தள்ளுகிறார்கள். விருந்தில் அப்படி நடந்துவிட்டுப் போகட்டும். வீட்டில் அன்றாடம் பிள்ளைக்கென்று சிறிய தட்டு ஒன்று இருக்கட்டும். அதில் பாதியளவு காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, இறைச்சி ஆகியவற்றில் ஒன்று என்று அமைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடுமாறு கற்பித்த மார்க்கம் நம்முடையது. அதைப் பிள்ளைப் பருவத்திலேயே பழக்குவதற்குச் சிறிய தட்டைவிடச் சிறந்த கருவி வேறில்லை.

புதிய காய் ஒன்றைப் பிள்ளை முதல் நாள் துப்பிவிட்டால் "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடாதீர்கள். ஒரு சுவை பழகுவதற்குப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். வற்புறுத்தாமல் சிறிதளவு வைத்து, நீங்களும் அதை விரும்பி உண்டு காட்டுங்கள்.

குடிக்கும் சர்க்கரை

பிள்ளைகளின் உடலில் சேரும் வீண் எடைக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று இனிப்பு பானங்கள். ஒரு 300 மில்லி கோலா பானத்தில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளது. உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்திற்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்திற்குள் நிற்பது இன்னும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. நாளொன்றுக்கு 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு 10 சதவீதம் என்பது 40 கிராம். 5 சதவீதம் என்பது 20 கிராம். ஒரே ஒரு பானம் அன்றைய கணக்கைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது. அவ்வாறு குடித்த சர்க்கரை, சோற்றைப்போல வயிற்றை நிறைப்பதுமில்லை. பிள்ளை சிறிது நேரத்தில் மீண்டும் பசி என்று வந்து நிற்கும்.

"நாங்கள் கோலா வாங்குவதில்லை; சத்துமாவு பானம்தான் கொடுக்கிறோம்" என்று சொல்லும் தாய்மார்களும் உண்டு. விளம்பரத்தை விட்டுவிட்டு, டப்பாவின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் சர்க்கரையே பெரும் பங்கு வகிக்கும். இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பெயரில் பட்டியலிடக்கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. வெறும் பாலும், தண்ணீரும், உப்பிட்ட மோரும், முழுப் பழமும் பிள்ளைக்குப் போதும். பழத்தைச் சாறாக்கிச் சர்க்கரை சேர்க்கும்போது நாரை இழந்து இனிப்பை மட்டும் பெறுகிறோம்.

நோன்பு மாதத்தில்

ரமலானில் நம் வீடுகளின் மாலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். சமோசா, வாடை, கட்லட், பஜ்ஜி, ரோஸ் மில்க், சர்பத் என்று விரிப்பு நிறைந்திருக்கும். நோன்பு பிடித்தவர் பகலெல்லாம் பசித்திருந்தவர். நோன்பு பிடிக்காத ஆறு வயதுப் பிள்ளையோ மூன்று வேளையும் உண்டுவிட்டு, இஃப்தாரில் நான்காம் வேளையும், தராவீஹ் முடிந்து ஐந்தாம் வேளையும் உண்கிறது. ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி உண்டு. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரிதான். பொரித்த பண்டத்தின் கணக்கு இதிலிருந்தே விளங்கும்.

எண்ணெய்ப் பண்டம் அறவே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வகை போதும். பேரீச்சம்பழமும், நறுக்கிய பழமும், பாசிப்பயறு போட்ட நோன்புக் கஞ்சியும் முதலிடம் பெறட்டும். சர்பத்தில் போடும் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். நாளடைவில் நாக்கு பழகிவிடும்.

விளையாட நேரம் எங்கே?

காலையில் பள்ளிக்கூடம், மாலையில் மதரஸா, அது முடிந்ததும் டியூஷன், பிறகு வீட்டுப்பாடம். பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கினோம். ஓடுவதற்கு மட்டும் ஒதுக்கவில்லை. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அந்த ஒரு மணி நேரம் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டியதில்லை. மதரஸாவுக்கு நடந்து போய் வருவது 20 நிமிடம், அஸருக்குப் பின் தெருவில் பந்து விளையாட்டு 30 நிமிடம், மாடிப்படி ஏறி இறங்கியும் கடைக்குப் போய் வந்தும் 10 நிமிடம் என்று சேர்த்துக்கொள்ளலாம். அரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடும் தந்தைமார்கள், வாரத்தில் சில நாட்களேனும் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்து செல்லலாமே!

அன்றாட அசைவின் அருமையை 1953ஆம் ஆண்டிலேயே லண்டனில் டாக்டர் ஜெர்ரி மோரிஸ் மெய்ப்பித்தார். இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. அவர்கள் எந்த உடற்பயிற்சி நிலையத்திற்கும் செல்லவில்லை.

பெண் பிள்ளைகளை மறந்துவிட்டோம்

இங்கே ஒரு கசப்பான உண்மையைப் பேசியாக வேண்டும். பத்து வயதுவரை நொண்டியும் பாண்டியும் விளையாடிக்கொண்டிருந்த பெண் பிள்ளை பருவமடைந்ததும், "பெரியவளாகிவிட்டாள், இனி என்ன ஓட்டமும் ஆட்டமும்?" என்று வீட்டுக்குள் அமர்த்தப்படுகிறாள். உணவு மட்டும் முன்னைவிடக் கூடுதலாகக் கொடுக்கப்படுகிறது. உலகம் முழுவதுமே இக்குறை உண்டு. 11 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளில் 100க்கு 85 பேர் போதிய உடலியக்கமின்றி இருந்தனர் என்று 2016ஆம் ஆண்டின் கணக்கு கூறுகிறது. ஆண் பிள்ளைகளில் அது 78 பேர்.

இதன் விளைவை அந்தப் பெண் தன் வாழ்நாளெல்லாம் சுமக்கிறாள். எலும்பின் வலிமையில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதற்கு ஓட்டமும் குதிப்பும் வேண்டும், வெயிலும் வேண்டும். இளம் வயதில் ஏறும் பருமன் மாதவிலக்கு ஒழுங்கின்மைக்கும், பின்னர் கருத்தரிப்பதில் தாமதத்திற்கும், கர்ப்பகால நீரிழிவுக்கும் வழிவகுக்கிறது. மணமுடிக்கும்போது "பெண் பருமனாக இருக்கிறாள்" என்று மூக்கைச் சுளிப்பதும் இதே சமுதாயம்தான்.

பெண்மையின் கண்ணியத்திற்கும் உடலியக்கத்திற்கும் பகை எதுவுமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூது தொகுப்பில் பதிவாகியுள்ளது. மொட்டை மாடியும் வீட்டு முற்றமும் நமக்கு உண்டு. கயிறு தாண்டுதல், பூப்பந்து, எறிபந்து ஆகியவற்றுக்கு இவை போதும். அதிகாலையில் உம்மாவும் மகளும் சேர்ந்து அரை மணி நேரம் விரைவாக நடக்கலாம். தாய்க்கும் அது மருந்துதான். பெண்கள் பள்ளிகளில் விளையாட்டு வகுப்பு முறையாக நடக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

தூக்கமும் திரையும்

5 முதல் 13 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 11 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது; இனிப்பின் மீது நாட்டமும் கூடுகிறது. கைபேசியைக் காட்டிச் சோறு ஊட்டுவது இன்று பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. படத்தில் மூழ்கிய பிள்ளைக்கு எதை உண்கிறோம், எவ்வளவு உண்கிறோம் என்பதே தெரிவதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2019ஆம் ஆண்டின் வழிகாட்டுதல். உணவு விரிப்பில் கைபேசி இல்லை என்பதை வீட்டின் சட்டமாக்குங்கள். அந்தச் சட்டம் பெரியவர்களுக்கும் பொருந்த வேண்டும்.

அனைவரும் ஒத்துழைக்க வேண்டும்

தாய் ஒருத்தி மட்டும் முயன்று பயனில்லை. அவள் மறுத்த மிட்டாயை பெத்தும்மா முந்தானையில் முடிந்து வைத்துக் கொடுப்பார். அரபு நாட்டிலிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் வாப்பாவின் பெட்டியில் பாதி சாக்லேட் டப்பாக்களாக இருக்கும். அவர்கள் கொடுப்பது அன்பு, பிரிந்திருந்த ஏக்கம். அதைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அதே அன்பை ஒரு கால்பந்தாகவோ, மிதிவண்டியாகவோ, மாலையில் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் ஒரு மணி நேரமாகவோ கொடுக்கலாம் என்று அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். வந்த சாக்லேட்டைப் பூட்டி வைத்து ஆவலைத் தூண்டவும் வேண்டாம். உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் பகிர்ந்தளித்துவிட்டு, மிச்சத்தை வாரத்தில் ஒரு நாள் குடும்பமாக உண்ணுங்கள்.

இறுதியாக ஒன்று. பருமனான பிள்ளையை 'குண்டு' என்றும் 'தடியன்' என்றும் கூப்பிடாதீர்கள். மற்றவர் கூப்பிடவும் விடாதீர்கள். கேலிக்கு ஆளான பிள்ளை விளையாட்டுத் திடலுக்குப் போக அஞ்சுகிறது. மறைவில் உட்கார்ந்து மேலும் உண்கிறது. அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சாப்பாடு, தனிக் கட்டுப்பாடு என்று பிரித்துவைக்கவும் வேண்டாம். வீட்டில் உள்ள அனைவருக்கும் ஒரே உணவு, ஒரே பழக்கம் என்று மாற்றினால் பிள்ளை தனித்து நிற்காது. நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடும் வாப்பாவுக்கும், மூட்டு வலியால் அவதியுறும் பெத்தும்மாவுக்கும் அந்த மாற்றம் நன்மையே செய்யும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. இந்த வாரம் இனிப்பு பானத்தை நிறுத்துங்கள். அடுத்த வாரம் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அரை மணி நேரத்தை விளையாட்டுக்கென்று விட்டுவிடுங்கள். அதற்கடுத்த வாரம் உணவு விரிப்பிலிருந்து கைபேசியை அகற்றுங்கள். பிள்ளைகள் இறைவன் நம் கையில் ஒப்படைத்த அமானிதம். அவர்களுக்குச் சொத்துச் சேர்த்து வைப்பதற்கு முன், அதை அனுபவிக்கத்தக்க உடலைச் சேர்த்து வைப்போம்.